ஓடைக்காட்டுக்கு எட்டு அனுமதிகள்

6 ஜனவரி 2025, திங்கள்

இன்று காட்டுக்குள் காலை நடை போவதற்கான நடைச் சீட்டைப் புதுப்பிக்கும் நாள். காலை ஆறு மணிக்கே ஓடைக்காட்டு வாசலில் வரிசை. வரிசை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அடையாறு, இந்திரா நகர், தரமணி என்று மூன்று பக்கத்து ஜனமும் ஒரே ஜன்னலுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது. எனக்கு முன்னால் நின்றவர் ஏதோ கம்பெனியில் மேனேஜராம். படிவத்தில் 'இரத்தப் பிரிவு' என்ற கட்டத்தில் 'இந்து' என்று எழுதியிருந்தார். இவர்களை நம்பித்தான் நாடு நடக்கிறது.

முப்பத்தாறு வருஷம் சைதாப்பேட்டை கோர்ட்டில் மனுக்களைப் பார்த்தே கண் தேய்ந்தவள் நான். சிரஸ்தாராக, அதாவது கோர்ட்டின் தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றேன். ஒரு மனுவை ஒழுங்காக எழுதத் தெரியாதவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வருவதில்லை.

வாசல் வாட்சர் முருகையன் என் பையைத் திறந்து பார்த்தான். மூன்று வருஷமாகத் தினம் பார்க்கிற முகம், இருந்தாலும் பார்க்கிறான். "பிளாஸ்டிக் கீதான்னு பாக்கணும் மேடம், ரூல்ஸ்." தண்ணீர் பாட்டிலை வெளியே வைக்கச் சொன்னான். தற்காலிக ஊழியன். நிரந்தர ஊழியனுக்குக்கூட இவ்வளவு விறைப்பு கிடையாது.

11 ஜனவரி, சனி

இளங்காற்று நடையாளர் மன்றத்தின் கூட்டம். நான் செயலாளர். தலைவர் ராம்குமார், அடுக்குமாடி கட்டி விற்பவர். காட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, 'காடு தெரியும் பால்கனி' என்று விளம்பரத்தில் போட்டால் வீடு சீக்கிரம் விற்கும் என்பது மட்டும்தான்.

மன்றத்துக்குப் பத்தாவது ஆண்டாம். காட்டுக்குள் இருக்கும் குளத்துத் திடலில் இருநூறு பேர் கூடி சிரிப்புப் பயிற்சி செய்ய வேண்டுமாம். சிற்றுண்டி, டி-ஷர்ட், டிரோன் படம். மண்டபம் எடுக்கலாமே என்று ஒருவர் கேட்டார். "இயற்கையோட மடியில சிரிச்சாத்தான் சார் சிரிப்பு" என்றார் ராம்குமார். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஒரு சிக்கல். விதிப்படி குழு அனுமதி இருபத்தைந்து பேருக்குத்தான். அந்தப் பேச்சு வந்ததும் பதினான்கு தலைகளும் என் பக்கம் திரும்பின. எழுதத் தெரியாத பதினான்கு தலைகள்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். பொங்கிற்று.

18 ஜனவரி, சனி

விதிப் புத்தகத்தை இரண்டு முறை வாசித்தேன். எழுதியவனுக்குத் தமிழும் வராது, சட்டமும் வராது. 'ஒரு குழுவில் இருபத்தைந்து பேருக்கு மிகாமல்' என்று இருக்கிறது. ஒரு நாளில் ஓர் இடத்தில் எத்தனை குழு என்று எங்குமே இல்லை. ஆக, எட்டுக் குழு. எட்டு விண்ணப்பம். எட்டுப் பொறுப்பாளர்கள். ஒரே நாள், ஒரே திடல்.

'ஒலிபெருக்கி கூடாது' என்பதற்கும் விளக்கம் பார்த்தேன். 'கம்பத்தில் அல்லது மரத்தில் கட்டப்படும் கருவி' என்று போட்டிருக்கிறான். தரையில் வைத்தால்? வைத்தால் அது ஒலிபெருக்கி இல்லை!

வீட்டில் இவரிடம் சொன்னேன். ரங்கநாதன் தெருவில் முப்பது வருஷம் ஜவுளிக்கடை நடத்தியவர், முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு பால்கனி நாற்காலியே கதி. "இருபத்தஞ்சுன்னு எதுக்கு வச்சான்னு யோசிச்சியா?" என்று கேட்டார்.

யோசிக்க வேண்டியது வைத்தவன் வேலை.

22 ஜனவரி, புதன்

ரேஞ்சர் செம்பியன் எட்டு விண்ணப்பத்தையும் சீட்டுக்கட்டு போலப் பிரித்துப் பார்த்தார். "எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே மேடம்?"

"கையொப்பம் வேறு வேறுதான். நிரப்பியது யார் என்று விதி கேட்கவில்லை."

அவர் சிரித்தார். மேலே இருந்து போன் வந்திருக்கும்போல, ராம்குமார் அந்த வேலையை முன்பே முடித்திருப்பார். "பிப்ரவரி பதினாறு ஞாயிறு. போட்டுர்றேன்." இந்த மனிதருக்கு முதுகெலும்பு என்று ஒன்று இருந்திருந்தால் நாற்காலிக்கு இவ்வளவு பெரிய சாய்மானம் தேவைப்பட்டிருக்காது. எனக்கு வேண்டியது கையெழுத்து. கிடைக்கும்.

30 ஜனவரி, வியாழன்

மாலை ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். ஷண்முகப்ரியா. காட்டில் மான்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம். காலில் காய்ந்த சேறு, கழுத்தில் பைனாகுலர். என் சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆன்ட்டி, இது குட்டி போடுற சமயம். குளத்துப் பக்கப் புல்லுலதான் குட்டிய மறைச்சு வச்சுட்டுத் தாய் மேயப் போகும். ரெண்டு மாசம் மட்டும் தள்ளி வைங்க. உங்க பேச்சைக் கேப்பாங்கன்னு சொன்னாங்க."

"எழுத்து மூலமாக ஆட்சேபணை கொடுத்தாயா?"

"கொடுத்தேன். ரேஞ்சர் பதிலே போடல."

"நகல் இருக்கிறதா?"

காட்டினாள். இங்கிலீஷில் நான்கு பக்கம், அடிக்குறிப்புகளோடு. கேட்பது என்ன என்பது நான்காம் பக்கத்தில்தான் வருகிறது. "இதை யாரும் படிக்க மாட்டார்கள், அம்மா. முதல் வரியில் கேள், பிறகு காரணம் சொல்" என்று பாடம் நடத்தி அனுப்பினேன். காப்பி குடிக்காமலே போய்விட்டாள். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மான் என்றால் ஒரு கண்ணீர் வந்துவிடும்.

5 பிப்ரவரி, புதன்

எட்டு அனுமதிகளும் வந்துவிட்டன. எட்டிலும் முத்திரை. முதல் அனுமதிக்கு நானே பொறுப்பாளர். மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் என்னை 'சட்ட மேதை' என்று ஒருவர் எழுதினார். 'மேதை'யில் ஐகாரக் குறி விட்டுப்போய் 'மேத' என்று இருந்தது.

15 பிப்ரவரி, சனி

நிகழ்ச்சி நிரலைத் தட்டெழுதிக் கொடுத்தேன். கடைசி உருப்படி ராம்குமாரின் யோசனை: எல்லோரும் ஆளுக்கொரு பலூனை ஊதி, தங்கள் கவலையை அதில் எழுதி, ஒன்று இரண்டு மூன்று சொல்லி உடைப்பது. எனக்கு இதைவிட முட்டாள்தனமான யோசனை இதுவரை கிடைத்ததில்லை. ஆனாலும் எழுத்துப் பிழையில்லாமல் தட்டெழுதினேன்.

16 பிப்ரவரி, ஞாயிறு

பிறகு எழுதுகிறேன்.

17 பிப்ரவரி, திங்கள்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஐந்தே முக்காலுக்கு வாசலுக்குப் போனோம். முருகையன் பலூன் பைகளைப் பார்த்துவிட்டு வழியை மறித்தான். "பலூன் உள்ள போவக் கூடாது மேடம்."

அனுமதிச் சீட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இதைப் படிக்கத் தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன். என் பின்னால் நாற்பது பேர். யாரோ சிரித்தார்கள்.

வாங்கினான். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, திருப்பினான். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் விரலை வைத்து உரக்க வாசித்தான். "'வன உயிரினங்களுக்கு அச்சமூட்டும் ஓசை எதனையும் எழுப்பலாகாது.' ஒம்பதாவது நிபந்தன. பலூன் வெடிச்சா டமார்னு கேக்கும் மேடம். மான் தாங்காது."

ஒன்பதாவது நிபந்தனையை நான் படித்திருக்கிறேன். முதலில் படித்தது நானாகத்தான் இருக்கும். "ஊதத்தான் போகிறோம், உடைக்க அல்ல" என்றேன். நிரலைத் தட்டெழுதியவள் நான்.

அதற்குள் ராம்குமார் ரேஞ்சருக்குப் போன் போட்டுவிட்டார். ரேஞ்சர் முருகையனுக்குப் போட்டார். இவன் போனைக் காதில் வைத்து, "சரிங்கய்யா... சரிங்கய்யா" என்றுவிட்டு விலகி நின்றான். "நோட்டுல எழுதிக்கிறேன் மேடம்" என்று மட்டும் சொன்னான்.

சிற்றுண்டி வண்டி வருவதற்காகத் தரமணிப் பக்கத்துப் பின்வாசலைத் திறக்கச் சொன்னது ராம்குமார். சாவியோடு ரேஞ்சரின் டிரைவர் வந்து திறந்தார். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

சிரித்தார்கள். கையை மேலே தூக்கிச் சிரித்தார்கள், குனிந்து சிரித்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கையெழுத்துத் தாள்கள் இருந்த மேசை வேலி ஓரம். நான் அங்கே நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழேகாலுக்கு ஒன்று, இரண்டு, மூன்று.

நூற்றெண்பது பலூன். குளத்துக் கொக்குகள் மொத்தமும் எழும்பின. அதன் பிறகுதான் புல்லுக்குள்ளிருந்து மான்கள் வந்தன. பதினைந்தா, இருபதா, எண்ண முடியவில்லை. நேராக வேலியைப் பார்த்து ஓடின. புதிதாகப் போட்ட கம்பி வேலி. முதலாவது மோதியபோது வேலி முழுக்க அதிர்ந்தது, இரும்புக் கட்டிலைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம். அடுத்தது. அதற்கடுத்தது. மற்றவை திரும்பி மரங்களுக்குள் போய்விட்டன. இரண்டு எழுந்திருக்கவில்லை.

ஒன்று அசையவில்லை. மற்றது பெட்டை. கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது, கால்கள் மட்டும் படுத்தபடியே ஓடிக்கொண்டிருந்தன. எனக்கும் அதற்கும் பத்தடி தூரம்தான். பால்மடி கனத்திருந்தது. என் பின்னால் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள் — ஹா ஹா, ஹோ ஹோ — அவர்களுக்குத் தெரியாது.

முருகையன் ஓடி வந்தான். காக்கிச் சட்டையைக் கழற்றி மானின் கண்ணை மூடினான். தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே இருந்தான். பத்து நிமிஷம் இருக்கும். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "போங்க மேடம். நீங்க போங்க" என்றான்.

போனேன். போய்ச் சிற்றுண்டி சாப்பிட்டேன். இரண்டு இட்லி, ஒரு வடை. இதையும் எழுதிவைக்க வேண்டும்.

19 பிப்ரவரி, புதன்

பேப்பரில் நான்கு வரி. 'நாய்கள் கடித்து இரண்டு புள்ளிமான்கள் பலி.'

நாயா? எந்த நாய்?

20 பிப்ரவரி, வியாழன்

ராம்குமார் வந்தார். இவருக்கு ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்.

"பெரிய விஷயமில்ல மேடம். பின்னாடி கேட் தொறந்து கெடந்துச்சு, நாய் பூந்துருச்சு. அந்த வாட்சர்தான் டூட்டி. நம்ம மன்றத்து சார்பா ஒரு லெட்டர் குடுத்துட்டா ஃபைல் குளோஸ்னு ரேஞ்சர் சொல்றாரு. நீங்க எழுதுனா ஒரு கமாகூட மாத்த வேண்டியிருக்காது."

"கேட்டைத் திறந்தது அவன் இல்லையே" என்றேன்.

"அனுமதியில பொறுப்பாளர் யாரு மேடம்? உங்க பேருதானே மொதல்ல இருக்கு? உங்களுக்காகத்தான் சொல்றேன்."

ஆப்பிளைத் தூக்கி அவர் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். கழுவிப் பிரிட்ஜில் வைத்தேன்.

21 பிப்ரவரி, வெள்ளி

எழுதிவிட்டேன். நாற்பது நிமிஷம். 'பணியிலிருந்த தற்காலிகக் காவலரின் கவனக்குறைவால் பின்வாசல் திறந்து கிடந்ததை எமது உறுப்பினர்கள் கண்ணுற்றனர்' என்று தொடங்குகிறது. யாரும் கண்ணுறவில்லை. வாக்கியம் மட்டும் நன்றாக நிற்கிறது.

இவர் வாங்கிப் படித்தார். கடையில் புடவையைத் தடவிப் பார்ப்பது போலத் தாளை இரண்டு விரலால் தடவினார். "துணி நல்லாத்தான் இருக்கு. சாயம் நிக்காது" என்றார். ராத்திரி சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

24 பிப்ரவரி, திங்கள்

வாசலில் புது ஆள். பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "முருகையன் எங்கே?" என்றேன். "நிறுத்திட்டாங்க மேடம், கேட் விஷயத்துல" என்று சொல்லிவிட்டு மறுபடி போனைப் பார்க்க ஆரம்பித்தான்.

தண்ணீர் பாட்டிலோடு உள்ளே போனேன். பாதி வழியிலேயே திரும்பிவிட்டேன்.

1 மார்ச், சனி

அந்தப் பெண் ஷண்முகப்ரியா இன்று காட்டுப் பாதையில் எதிரே வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பதில் சொல்லத் தயாராக இருந்தேன்.

"அந்தப் பெட்டையோட குட்டி அஞ்சாம் நாள்தான் கெடச்சுது ஆன்ட்டி. குளத்துக்குப் பின்னாடி, புல்லுக்குள்ள. தாய் வர்ற வரைக்கும் குட்டி அசையாது, கத்தாது. அப்படியே படுத்த மேனிக்குப் படுத்திருந்துச்சு. செத்தே ரெண்டு நாள் ஆகியிருக்கும்."

நான் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினேன்.

"நீங்க பக்கத்துல நின்னு பார்த்தீங்கன்னு முருகையண்ணன் சொன்னாரு. எழுதிக் குடுப்பீங்களா? எனக்குத்தான் எழுதத் தெரியாதே." குத்திச் சொன்னது போல இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

"நான் ஒன்றும் பார்க்கவில்லை" என்றேன்.

2 மார்ச், ஞாயிறு

பார்த்தேன். பார்த்தேன்டி. பத்தடி தூரத்துல நின்னு பார்த்தேன். வேற என்ன சொல்லணும் உனக்கு?

4 மார்ச், செவ்வாய்

ரேஞ்சர் அலுவலகம் போய், மன்றத்துக் கடிதத்தைத் திரும்பப் பெற வந்திருக்கிறேன் என்றேன்.

"ஃபைல்ல சேந்துருச்சு மேடம். எடுத்துட்டுப் போய் திருப்பிக் குடுக்க இது என்ன லைப்ரரியா?" சிரித்துவிட்டு எட்டு அனுமதிகளையும் மேசைமேல் பரப்பினார். "நாய் கடிக்கலன்னா வேற என்னமோ நடந்திருக்குன்னு ஆகும். அப்ப கேஸ் யார் மேல போகும்? இதப் பாருங்க, எட்டும் உங்க எழுத்து. நான் சொன்னேனே அன்னிக்கே."

ஆமாம், சொன்னார். அன்றைக்கு முதுகெலும்பில்லாதவர் என்று நினைத்தேன். இந்த எட்டுத் தாளையும் அவர் எதற்காக வைத்திருந்தார் என்பது இப்போதுதான் உறைத்தது. ஊரில் எல்லோரையும் விடப் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு எட்டுத் தடவை என் கழுத்தை நானே நீட்டியிருக்கிறேன். கோர்ட்டில் எத்தனை பேரைப் பார்த்து, 'படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுகிறான் பார்' என்று சிரித்திருக்கிறேன். நான் படித்துவிட்டுப் போட்டவள். எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

8 மார்ச், சனி

மாவட்ட வன அலுவலருக்கு வாக்குமூலம் எழுதினேன். முதலில் ஏழு பக்கம் வந்தது. 'மேற்படி', 'அன்னார்', 'தாழ்மையுடன்' எல்லாவற்றையும் அடித்தேன். 'சூழ்நிலை காரணமாக' என்று ஒரு வரி இருந்தது, அதையும் அடித்தேன். ஒன்றரைப் பக்கம் மிஞ்சியது.

பலூன் உடைக்கப்போவது எனக்குத் தெரியும். காவலர் தடுத்தார், நான் பொய் சொன்னேன். பின்வாசலைத் திறந்தது யார் என்று பார்த்தேன். நாய் எதுவும் இல்லை. மான்கள் வேலியில் மோதிச் செத்தன. மன்றத்துக் கடிதம் பொய், எழுதியது நான்.

ஒரு குமாஸ்தா எழுதியதுபோலக்கூட இல்லை. அவ்வளவு மொட்டையாக இருக்கிறது.

இவர் படித்தார். சட்டை மாட்டிக்கொண்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு, "ஆட்டோ கூப்பிடு, தபாலாபீஸ் மூடிருவான்" என்றார். மாடிப்படி இறங்கப் பத்து நிமிஷம் பிடித்தது. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு.

12 மார்ச், புதன்

நகலை முருகையனிடம் கொடுக்கப் பெரும்பாக்கம் போனேன். இரண்டு பஸ். சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் இருந்த குடும்பமாம், குடிசைகளை எடுத்தபோது இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். இங்கிருந்துதான் தினம் ஐந்தரைக்குக் காட்டு வாசலுக்கு வந்து நின்றிருக்கிறான். லிப்ட் ஓடவில்லை. ஐந்து மாடி.

கதவைத் திறந்தது அவன் மனைவி சண்முகவடிவு. பெயரைச் சொன்னதும் வாசலை விட்டு நகரவில்லை.

"நீதானா அது? நாப்பது பேரு முன்னாடி படிக்கத் தெரியுமான்னு கேட்டியாமே? பத்தாவது பாசு அது. ரத்தத்தோட சட்டையத் தூக்கினு வந்து மூணு நாளு சோறு துன்னல, தெரியுமா உனுக்கு? அப்பால வேலையும் பூட்ச்சு. இன்னா வேணும் இப்ப உனுக்கு?"

முப்பது வருஷமாக இவரைத் தவிர என்னை யாரும் 'நீ' என்று சொன்னதில்லை. அவள் சொன்னது எல்லாமே சரி.

முருகையன் உள்ளேயிருந்து வந்தான். ஏதோ குடோனில் மூட்டை தூக்குகிறானாம், தோளில் துண்டு. நின்றபடியே ஒன்றரைப் பக்கத்தையும் படித்தான். ஒரு இடத்தில் விரலை வைத்தான். "இங்க நேரம் ஏழேகால்னு போட்டுக்கிறீங்க. ஏழு இருவது மேடம். அன்னிக்கே டூட்டி நோட்டுல எழுதிக்கீறேன். அந்தப் பக்கத்த அவுங்க கிழிச்சுட்டாங்க, நான் முன்னாடியே போன்ல போட்டோ எடுத்து வச்சிக்கினேன்."

"திருத்தி அனுப்புகிறேன்" என்றேன். பிறகு வாயைத் திறந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"மன்னிப்புன்னு கேட்டுடாதீங்க மேடம். கேட்டீங்கன்னா நான் எதனா பதில் சொல்லணும்."

வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்தேன்.

20 மார்ச், வியாழன்

மன்றத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ். 'ஒழுங்கினமாக நடந்தமையால்' என்று இருக்கிறது. மொத்தம் நான்கு பிழை. சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினேன். விளக்கம் எதுவும் எழுதவில்லை. மாலை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பத்து வருஷம். ஒருத்தர்கூட போன் செய்யவில்லை. செய்திருந்தால் மட்டும் எடுத்திருப்பேனா?

17 ஏப்ரல், வியாழன்

விசாரணை. மூன்று மணி நேரம். ஷண்முகப்ரியா வேலியில் ஒட்டியிருந்த ரோமத்தையும் குட்டி கிடந்த இடத்தையும் படமெடுத்து வைத்திருந்தாள். தன் மனுவைத் தமிழில், ஒரே பக்கத்தில் எழுதியிருந்தாள். கேட்பது என்ன என்பது முதல் வரியிலேயே இருந்தது. கால்நடை மருத்துவர் அறிக்கையில் கடிக்காயம் என்று ஒரு வார்த்தைகூட இல்லையாம். அப்படியானால் இத்தனை நாள் அந்த அறிக்கையின் மேல் யார் உட்கார்ந்து அடைகாத்தார்கள்?

ராம்குமார் என்னைப் பார்த்து, "வயசாயிடுச்சு சார் மேடத்துக்கு, ஞாபகம் கொழம்புது" என்றார். செம்பியன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலர் கேட்டார்: "இப்படி எழுதிக் குடுத்தா உங்க மேலயே வழக்கு வரும், தெரியும்ல?"

"தெரியும். மூன்றாம் பத்தியில் நானே பிரிவு எண்ணைப் போட்டிருக்கிறேன்."

திருப்பிப் பார்த்தார். இருந்தது.

14 மே, புதன்

உத்தரவு வந்துவிட்டது. குழு அனுமதிகள் ஒரு வருஷத்துக்கு நிறுத்தம். இனிமேல் ஒரு நாளைக்கு ஒரு குழு, பத்துப் பேர் என்று விதியைத் திருத்தப்போகிறார்கள். நான் கண்டுபிடித்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள், நன்றாக எழுதியிருக்கிறார்கள். செம்பியனுக்கு இடமாற்றம், நல்ல ஊருக்குத்தான். ராம்குமாருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அவ்வளவுதான். அந்த மனிதர் இதற்குள் கடற்கரைச் சாலையில் ஏதோ ரிசார்ட்டைப் பிடித்திருப்பார். அங்கே போய்ச் சிரிப்பார்கள்.

என் நடைச் சீட்டு மூன்று வருஷத்துக்கு ரத்து. வழக்கும் பதிவாகியிருக்கிறது. முதல் வாய்தா ஜூலையில்.

முருகையனின் நீக்கம் செல்லாது. ஜூன் முதல் வேலை. கடைசிப் பத்தியில் இருக்கிறது, இரண்டு வரி. அந்த இரண்டு வரியை மட்டும் இவரிடம் வாசித்துக் காட்டினேன்.

9 ஜூன், திங்கள்

காலையில் காட்டுவேலி ஓரமாக ரோட்டிலேயே நடந்தேன். முருகையன் வாசலில் இருந்தார். புதுக் காக்கிச் சட்டை. தரமணிப் பக்கத்து அம்மாள் ஒருவர் பிளாஸ்டிக் பையை வைத்துக்கொண்டு, தன் வீட்டுக்காரர் யார் தெரியுமா என்று அவரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பொறுமையாகப் பலகையில் இருந்த விதியைக் காட்டினார். அந்த அம்மாள் பையை வெளியே வைத்துவிட்டு உள்ளே போகும்வரை நான் தள்ளி நின்றேன்.

என்னைப் பார்த்தார்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கீறேன் மேடம்." வாசல் கம்பியில் கை வைத்தார். "உள்ள உட முடியாது மேடம். லிஸ்ட்டுல உங்க பேரு கீது."

"தெரியும். உள்ளே வர வரவில்லை. நடந்துவிட்டுப் போகிறேன்."

அவர் வாசல் கம்பியைத் தள்ளிச் சாத்தினார். நான் நாலடி போயிருப்பேன், பின்னாலிருந்து குரல் கேட்டது.

"மேடம், ரோட்டுல நடக்கறதுன்னா அந்தாண்ட பக்கமா நடங்க. இங்க கம்பெனி பஸ்ஸுங்க வேகமா வரும்."

ரோட்டைக் கடந்து அந்தப் பக்கமாக நடந்தேன்.